தன்மைப் பன்மை

‘சென்றுவிட்டோம்’ என்ற சொல்லின் கீழ் வைஷ்ணவி பென்சிலால் கோடிட்டாள்.

கடிதம் ஒரே வாக்கியம். ‘சனிக்கிழமை மாலை, குளிர் அறையின் கதவைச் சாத்தாமல் சென்றுவிட்டோம்.’ அதன்கீழ், ச. நாகராசு, கிடங்குப் பொறுப்பாளர்.

ஒப்பமிட்டவர் ஒருவர். வினைமுற்றில் இருப்பவர்கள் குறைந்தது இருவர்.

இலுப்பூரில் அந்த மருந்து ஏஜென்சியின் கிடங்கில், ஞாயிறு முழுவதும் குளிர் அறை திறந்து கிடந்தது. உள்ளே இருந்த இன்சுலின் அனைத்தும் வீண். காலையில் திருச்சியிலிருந்து வந்த உரிமையாளர் சோலையப்பன் குரலை உயர்த்தவில்லை. திறந்துபோட்டவர் எவராயினும் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அதை எழுத்தில் கேட்டார். நான்கு மணிக்குள், மேலாளர் வைஷ்ணவி சரிபார்த்த பிறகு.

வைஷ்ணவிக்கு எழுத்தில் நம்பிக்கை உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அரைமணி நேரம், பணியாளர்களுக்குக் கடிதம் எழுதவும் தொலைபேசியில் பேசவும் அவளே பயிற்சி அளித்துவந்தாள். அவள் வற்புறுத்திய விதி ஒன்றே: செய்தவர் யார் என்பதை வாக்கியம் சொல்ல வேண்டும். ‘கதவு திறந்து கிடந்தது’ என்று எழுதினால், அது கதவின் தவறாகிவிடும்.

நாகராசு அந்த வகுப்பில் கடைசி நாற்காலியில் உட்காருபவர். ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

இப்போது எழுவாயை விட்டுவிட்டு எழுதியிருந்தார். தமிழில் விடலாம். விகுதி காட்டிக்கொடுத்துவிடும்.

கிடங்குப் பதிவேட்டைப் பார்த்தாள். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அங்கே இருந்ததாக ஒரே ஒரு பெயர். அப்படியானால் ‘ஓம்’ பிழை. ‘ஏன்’ என்று திருத்தினால் கடிதம் முடிந்தது. நாகராசுவின் பதினோரு ஆண்டுகளும் முடிந்தன.

பென்சில் நகரவில்லை. அவளைத் தடுத்தது இன்னோர் எழுத்து.

‘கதவைச் சாத்தாமல்.’ அந்த ‘ச்’.

இந்த அலுவலகத்தில் பணியாளர் எவரும் அந்த இடத்தில் ஒற்று இட்டதில்லை. வகுப்பிலும் அவள் அதைத் தொட்டதில்லை. அவ்வளவு தூரம் போனால் ஆள் வராது. பிழைகளை விசாரித்தே பழகியவளுக்கு, சரியாக இருந்த ஓர் எழுத்தை விசாரிக்கத் தோன்றியது அன்றுதான்.

நாகராசுவை அழைத்தாள்.

“கூட யாருண்ணே இருந்தது?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “எழுத்து ஒண்ணு ரெண்டு தப்பா இருந்தா நீங்களே திருத்திக்கங்க மேடம். நாலு மணி ஆகப்போகுது.”

“அது இருக்கட்டும். இந்த ‘ச்’ போட ஒங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

“யாரு சொல்லிக்குடுக்கணும்? அந்தக் கதவுலயே எழுதியிருக்குல்ல, பாத்துப் போட்டேன். காப்பியடிச்சா மார்க் கெடையாதா?”

வைஷ்ணவி எழுந்து கிடங்குக்கு நடந்தாள்.

குளிர் அறைக்குப் போகும் இடைவழியில் விளக்கு இல்லை. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு வெறும் வெள்ளைத் தாளாகத்தான் தெரிந்தது. கதவை அகலத் திறந்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினால்தான் படிக்கலாம்.

திறந்தாள். திருப்பினாள்.

‘வெளியே செல்லுமுன் கதவைச் சாத்தவும்.’

அச்சடித்த எழுத்துகள் கறுப்பு. ‘ச்’ மட்டும் நீலம். ‘வை’க்கும் ‘சா’வுக்கும் நடுவே நெருக்கி எழுதப்பட்டிருந்தது. தலைமேல் புள்ளிக்குப் பதில் ஒரு சிறு வட்டம்.

புள்ளியை வட்டமாக வைப்பது அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை உரிமையாளர் வருகிறார் என்பதற்காக, சனிக்கிழமை மாலை கட்டடம் முழுவதும் அறிவிப்புகளைத் திருத்தியிருந்தாள். மொத்தம் பதினான்கு. திருத்திய எழுத்து ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது. கதவுகள் நினைவில்லை. இந்த ‘ச்’சை எழுதும்போது மட்டும் ஒருவர் கதவை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றொரு கையில் சாப்பாட்டுப் பை. அவர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தபின், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்.

“நீங்க கெளம்புங்கண்ணே, அன்னவாசல் பஸ்ஸு போயிரும். நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொள்கிறேன். ஒருமை.

அலுவலகத்துக் கதவுகள் கையை விட்டால் தாமே மூடிக்கொள்ளும். வைஷ்ணவி கையை விட்டுப் பார்த்தாள்.

காத்திருந்தாள். காலியான அறையின் குளிர் அவள் பாதங்களைக் கடந்து போனது. கதவு விட்ட இடத்திலேயே நின்றது.

அந்தப் பன்மையில் ஒருவர் கூடுதல் என்று அவள் நினைத்தது சரிதான். கூடுதலாக இருந்தவர் நாகராசு.

கதவைச் சாத்தினாள். கைப்பிடியை இருமுறை இழுத்துப் பார்த்தாள். மேசைக்குத் திரும்பியபோது மணி நான்காக ஏழு நிமிடம் இருந்தது. நாகராசு இன்னும் மின்விசிறிக்குக் கீழேயே நின்றிருந்தார்.

புதிய தாள் ஒன்றை எடுத்து, அவருடைய வாக்கியத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் படியெடுத்தாள்.

விகுதியை மட்டும் திருத்தினாள்.

பிறகு, கையொப்பத்தை.