இலைப் படம் போட்ட போத்தில்

“வேறை என்ன மருந்து பாவிக்கிறீங்கள், ஐயா?”

“ஒண்டுமில்லை டொக்டர்” என்றார் குலசிங்கம் மாஸ்ரர். பல் முரசிலிருந்து கசிந்த இரத்தத்தை லேஞ்சியால் ஒற்றிக்கொண்டார்.

சுத்தப் பொய். இரண்டு மாதமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு நாக்குக்குக் கீழே பத்துத் துளி எண்ணெய் விட்டு வருகிறார். குனிய நிமிர விடாத நாரி நோவுக்கென்று கனடாவிலிருந்து மகன் கொடுத்துவிட்டது. போத்திலில் கஞ்சா இலைப் படம். “வெறிக்காது அப்பா, இஞ்சை கடையிலையே விக்குது” என்று மகன் சத்தியம் பண்ணியிருந்தான். மூன்று போத்தில் என்றான், வந்தது இரண்டு.

இதை எந்த வாயால் சொல்வது? மடத்துவெளி போதை ஒழிப்புக் குழுவுக்குத் தலைவரே அவர்தான். ஓட்டோக்காரச் சதீசன் பாலத்தடிச் சோதனையில் கஞ்சாச் சாமானோடு பிடிபட்டான் என்று காதில் விழுந்ததும், என்ன ஏது என்று கேட்காமலே கூட்டம் வைத்தவர். “இனி இவன்ரை ஓட்டோவிலை ஒருத்தரும் ஏறக்கூடாது” என்று தீர்மானமும் போட்டவர்.

இன்று காலை முரசில் இரத்தம் நிற்கவில்லை. வேறு ஓட்டோவும் கிடைக்கவில்லை. மனைவி இலட்சுமிப்பிள்ளை சதீசனுக்குத்தான் போன் எடுத்தார். வழி முழுக்க மாஸ்ரர் பேசவில்லை. வாய்க்குள் பஞ்சு இருந்தது வசதியாகப் போயிற்று.

“நெஞ்சிலை வால்வு மாத்தினதுக்கு, இரத்தம் கட்டியாகாமலிருக்கக் குடுக்கிற குளிசை சரியான அளவுதான். ஆனா இப்ப இரத்தம் கொஞ்சமும் உறையுதேயில்லை” என்றார் டொக்டர். “தலைக்குள்ளை கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“சொல்லுங்கோவன்” என்று இலட்சுமிப்பிள்ளை கிசுகிசுத்தார். மாஸ்ரர் சுவரைப் பார்த்தார்.

“டொக்டர்...”

வாசலில் சதீசன் நின்றான்.

“நான்தான் ஒரு கஞ்சா எண்ணெய் குடுத்தனான். நாரிக்கு நல்லது எண்டு சொல்லி. மாஸ்ரருக்கு அது என்னெண்டு தெரியாது.”

டொக்டருக்கு வந்ததே கோபம்.

“வெறிக்காத எண்ணெய் எண்டா பச்சைத் தண்ணியெண்டு நினைச்சீரோ? இந்தக் குளிசையைக் கரைக்கிறது ஈரல். அந்த எண்ணெய் போய் ஈரலின்ரை வேலையை மறிச்சுப்போடும். பிறகு குளிசை உடம்பிலையே தேங்கும். ஆளைக் கொல்லப் பாத்தீரே!”

சதீசன் தலையைக் குனிந்து ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டான். மாஸ்ரர் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊசி போட்டு, எண்ணெயைத் தொடவே கூடாது என்று சொல்லி, பின்னேரம் விட்டார்கள். திரும்பி வரும்போது பாலம் கிட்டியதும் மாஸ்ரருக்குப் பொறுக்க முடியவில்லை.

“உனக்கு எப்பிடியடா தெரியும்?”

“கனடாப் பையை யாழ்ப்பாணத்திலையிருந்து கொண்டந்தது நான்தானே, மாஸ்ரர். சொக்கிலேற்றுக்குள்ளை கிடந்த ரெண்டு போத்திலும் தப்பிட்டுது.”

“அப்ப மற்றது?”

சதீசன் ஓட்டோவை மெதுவாக்கி, பாலத்தடிச் சோதனைச் சாவடியைக் காட்டினான்.

“உதிலைதான் பொலிசு எடுத்தது. ஆற்றை எண்டு கேட்டாங்கள். உங்களுக்கு நெஞ்சு வெட்டி ஒரு மாசம்கூட ஆகேல்லை, பொலிசுக்கும் கோட்டுக்கும் அலைய ஏலுமே? என்ரை எண்டு சொல்லிப்போட்டன்.”