பின்னங்கால்

"ஏனுங்க, அந்தக் காலு துளியாச்சும் அசையுதுங்களா?"

தோட்டத்து வீட்டின் வாசற்படியில் நின்று செல்லாத்தாள் கேட்டாள். நிறைமாத வயிற்றை ஒரு கையால் தாங்கியிருந்தாள்.

குப்பண்ணன் நிமிரவில்லை. மடியில் கிடந்த சாம்பல்நிறப் பூனையின் பின்னங்காலில் வாட்டிய எருக்கிலையை ஒற்றிக்கொண்டிருந்தான். பூனைக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது போலும், கண்மூடிக் குறுகுறுத்தது. இறக்கி விட்டால் மட்டும், ஈரத்துணியை இழுப்பதுபோல் அந்தக் காலை மண்ணில் இழுத்துக்கொண்டே நகர்ந்தது.

"அசைஞ்சாட்டத்தான் இருக்குது, புள்ள" என்றான். அசையவில்லை என்பதை அவன் நெஞ்சு அறியும்.

நெஞ்சு இன்னொன்றும் அறியும். போன வெள்ளிக்கிழமை விடியலில், கஞ்சிக்கோட்டில் புதிதாக எழும்பும் தொழிற்சாலைக்குச் செங்கல் ஏற்றிய வண்டியை இதே வாசலிலிருந்து அவன் கிளப்பினான். சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது. அதே கணத்தில் ஓர் அலறல். குனிந்து பார்த்தபோது, எவர் வீட்டுப் பூனையோ இது, வண்டிக்கடியிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது.

கருவுற்றவள் இருக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் ஓர் உயிருக்கும் ஊறு செய்யலாகாது. செய்தால் அந்த ஊனம் கருவில் இறங்கும் என்பது அவர்கள் குலத்தின் அச்சம். அதற்காகவே அவன் மாதக்கணக்காக முகச்சவரமும் செய்யாமல், எறும்புச் சாரியைக் கண்டாலும் வண்டியை ஒதுக்கி ஓட்டிவந்தான். அத்தனை நோன்பும் ஒரு சக்கரச் சுழற்சியில் பாழாயிற்று. பூனை நேராக நடந்துவிட்டால் காவடி எடுத்து வருவதாகப் பழனியாண்டவனிடம் அழுது வேண்டியிருந்தான்.

மனைவியிடம், "எங்கியோ அடிபட்டு வந்திருக்குது" என்று மட்டுமே சொல்லியிருந்தான். அவளும் துருவிக் கேட்கவில்லை. தான் குடிக்கவேண்டிய பாலையெல்லாம் அதற்கே வார்த்தாள். கள்ளமற்ற அந்த அருளைக் காணும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கொழிஞ்சாம்பாறை மிருகாசுபத்திரிக்குக் கொண்டுட்டுப் போலாமா?" என்று அரைமனத்தோடு கேட்டான். எப்படி அடிபட்டது என்றுதானே டாக்டர் முதலில் கேட்பார்.

"வேண்டாமுங்க" என்று பதறினாள் செல்லாத்தாள். "ஆசுபத்திரின்னா ஆயிரங் கேப்பாங்க. இங்கியே சரியாகட்டும்."

அவனுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் அடுத்து அவள் சொன்னது அதை மறுபடி பறித்தது.

"ராத்திரியெல்லாம் வவுத்துல ஒரு பக்கமாவே ஒதைக்குதுங்க. ஒத்தக் காலாலதான் ஒதைக்குதோ என்னமோ."

அவன் விரல்களிலிருந்து எருக்கிலை நழுவியது.

அப்போது வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஓடைக்கு அக்கரைத் தோட்டத்தில் புதிதாகக் குடியேறிய பெரியம்மாள்.

"இங்கியா ஒக்காந்திருக்கறே? ஊரெல்லாந் தேடறேன்" என்று பூனையை வாரி எடுத்தாள். "எங்கூட்டுதுங்க தம்பி. சாமான் எறக்கற சந்தடியில காணாமப் போச்சு. பாலாக் குடிச்சுக் கொழுத்திருக்குதே, இனி எங்கூட்டுப் பழைய சோறு எறங்குமா இதுக்கு?"

குப்பண்ணன் எழுந்தான். "அக்கா, அதோட காலு..."

"காலா? அது பொறந்ததுல இருந்தே அப்பிடித்தானுங்க. இந்தக் காலை இழுத்துக்கிட்டே ஓலைக்கூரை மேல ஏறி எலி புடிக்கும். இதுக்குப் போயி எருக்கெல ஒத்தடமா?" என்று சிரித்தாள்.

குப்பண்ணன் வண்டித் தடத்தைப் பார்த்தான். பிளந்த செங்கல் ஒன்று அங்கே மண்ணில் அழுந்திக் கிடந்தது. இத்தனை நாள் அது அவன் கண்ணில் படவேயில்லை. பழனி இருக்கும் திசையில் கைகள் தாமாகக் குவிந்தன. இனி மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று திரும்பினான்.

செல்லாத்தாள் படியில் அமர்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தி விம்மிக்கொண்டிருந்தாள்.

"அப்ப, வெள்ளிக்கெழம விடியால பால்சட்டியில வாய வெச்சுதுன்னு நான் வெறகுக் கட்டைய வீசி அடிச்சனே... அதுல வந்த மொடம் இல்லீங்களா அக்கா?"