கட்டிப்பிடிக்கும் காட்சி

ஒரே ஒரு ஊராம். ஊருக்குள் ஒரே ஒரு பெரிய தெருவாம். தெருவுக்கு இந்தப் பக்கம் ஓர் இனம், அந்தப் பக்கம் ஓர் இனமாம்.

“கொலைகாரப் பயலே!” என்றான் இந்தப் பக்கத்துக் கட்டை.

“போடா, வந்தேறி நாயே!” என்றான் அந்தப் பக்கத்து ஒட்டடை.

பதினாறு வயது வாயில் வருகிற பேச்சா இது? அதுவும் ‘இனி நாம் ஒன்று’ என்று பேனர் கட்டிய மண்டபத்தில்!

அடுத்த நொடி இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“நிறுத்துங்கப்பா!” சமாதானக் குழுச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். “நாளைக்கு நாடகத்துல வெளிநாட்டு விருந்தாளிங்க முன்னாடி இப்படித்தான் இளிப்பீங்களா? முதல் காட்சி பகை. ரெண்டாவது காட்சி கட்டிப்பிடிக்கிறது. பகையே வரலைன்னா நான் எதைச் சமாதானம் பண்றது?”

“கோபம் வர மாட்டேங்குது சார்,” என்றான் கட்டை. “தினமும் இவன் சைக்கிள் கேரியர்லதான் ஸ்கூலுக்குப் போறேன்.”

“இவனைச் சுமந்து என் முழங்கால் தேஞ்சதுதான் சார் மிச்சம்,” என்றான் ஒட்டடை.

செயலாளர் சிரிக்கவில்லை. கலவரத்துக்குப் பிறகு அந்த ஊரில் சமாதானமும் ஓர் உத்தியோகம். அவர் அதில் சீனியர். நாற்காலியைக் கட்டையின் பக்கம் இழுத்துப் போட்டார்.

“தம்பி, கலவரத்துல உன் சித்தப்பாவுக்கு என்ன ஆச்சு?”

கட்டை தலையைக் குனிந்தான். “அதெல்லாம் நாங்க பேசிக்கிறதில்ல சார்.”

“பேசணும்! அதுலதான் உணர்ச்சியே இருக்கு. ‘ஏறுங்க, வீட்டுல விட்டுடறோம்’னு சொல்லி இவன் ஆளுங்கதானே வண்டியில ஏத்திட்டுப் போனாங்க? திரும்பி வந்தாரா?”

“இல்ல சார்.”

“அதை இவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.”

“வேணாம் சார்,” என்றான் ஒட்டடை.

“நீ சும்மா இரு. உங்க மாமா கடையைக் கொளுத்தினது யாரு? இவன் ஆளுங்க! உனக்கெல்லாம் ரோஷமே கிடையாதா?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“உங்க ஆளுங்கதான்டா என் சித்தப்பாவைக் கொன்னாங்க!” கட்டையின் குரல் உடைந்தது.

“உங்க ஆளுங்க மட்டும் ரொம்ப யோக்கியமா?” ஒட்டடை அவன் சட்டையைப் பிடித்தான். பட்டன் ஒன்று தெறித்து நாற்காலிக்கு அடியில் ஓடியது.

“பிரமாதம்! புல்லரிக்குது!” செயலாளர் கை தட்டினார். “அப்படியே கட்டிப்பிடிங்க!”

தெரியாதவர்கள் கூட்டத்தில் இடித்துக்கொள்வது மாதிரி இரண்டு பேரும் தொட்டு விலகினார்கள்.

“இதுல உயிரே இல்லையே! சரி விடு, பகை ஜோரா வந்துடுச்சு. மத்ததை மேடையில பாத்துக்கலாம்.”

பெரிய வேலை முடிந்த திருப்தியோடு காரில் ஏறிப் போனார்.

வாசலில் ஒட்டடை சைக்கிளை எடுத்தான். பிறகு, எப்போதும்போலக் கேரியரைத் தட்டினான்.

“ஏறுடா. வீட்டுல விட்டுடறேன்.”

கட்டை கேரியரைப் பார்த்தான். ஒட்டடையின் முகத்தைப் பார்த்தான்.

“வேணாம்,” என்று இரண்டடி பின்னால் தள்ளி நின்று சொன்னான். சொல்லிவிட்டு, தனியாக நடந்து போனான்.