நத்தை சொன்ன முதல் பாகம்

ஒரு நத்தை ஒன்பது மழைக்காலமாக ஒரு சினிமாக் கதையை ஓட்டுக்குள் சுமந்துகொண்டு அலைந்தது. மொத்தம் மூன்று பாகம். செங்கோடன் என்ற எறும்பு முதல் பாகத்தில் ஊரைவிட்டு வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கிறான். இரண்டாவதில் அக்கரையில் புற்று கட்டுகிறான். மூன்றாவதில் நரைத்த மீசையோடு ஊர் திரும்புகிறான்.

தயாரிப்பாளர் தவளையிடம் மூன்றையும் எப்போது சொல்வது என்பதுதான் நத்தைக்குத் தீராத குழப்பம்.

தவளையின் ஆபீஸ் சுவரில் குடியிருந்த பல்லி வழி சொன்னது. "மூணுன்னு வாயைத் திறந்தீங்கன்னா ஆளு மிரண்டுடுவாரு. முதல் பாகத்தை மட்டும் சொல்லுங்கண்ணே. படம் ஓடட்டும், மத்ததை அப்புறம் எடுத்து விடலாம்."

நத்தைக்கும் அது சரியென்றே பட்டது. பாட்டு வரும் இடம், சண்டை வரும் இடம் எல்லாம் நடித்துக் காட்டிச் சொல்லி முடித்தது. தவளை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"பிரமாதம் தம்பி. நாம பண்றோம். ஒண்ணே ஒண்ணு, கடைசியில எறும்பு கரையேற வேண்டாம். ஆத்தோட போயிடட்டும். தியேட்டரே அழும்."

நத்தைக்கு ஒன்பது மழையும் கண்முன் வந்து போயின. "சரிங்க சார்" என்றது.

எல்லாவற்றையும் கேட்டிருந்த பல்லி வாசல்வரை வந்தது. "அப்புறம் என்னண்ணே? மத்ததை எப்போ சொல்றதுன்னு இனிமே தவிக்க வேண்டாம்."

நத்தை ஓட்டுக்குள் போனது. உள்ளே, மூன்றாம் பாகத்தில், செங்கோடன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் எல்லையில் நின்றிருந்தான்.

"வந்துட்டீங்களா? ஊருக்குள்ள போகலாமா?" என்று கேட்டான்.