ஜெப விண்ணப்பம்

அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

பெண்கள் சிறையின் முற்றத்தில் மற்றக் குழந்தைகள் பலூனை விரட்டிக்கொண்டு ஓடினார்கள். காஜல் தன் அம்மா விஜயராணியின் மடியில் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடுத்த பிஸ்கட்டைக்கூடக் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் தின்றாள்.

கனடாவிலிருந்து வந்திருந்த கிறிஸ்தவ ஊழியக் குழுவின் தலைவி மார்லீனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மும்பைப் பயணத்தில் சிறைக்கென்று அவர்கள் ஒதுக்கியிருந்தது இந்த ஒரு காலைதான். மதியம் உல்லாஸ்நகரில் ஒரு சபையில் கூட்டம் இருந்தது. கிளம்புவதற்குள் இந்தக் குழந்தையை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று, மொழிபெயர்க்க வந்திருந்த அன்னமேரியிடம் சொன்னாள்.

அன்னமேரி, திருநெல்வேலித் தமிழர்கள் நிறைந்த தாராவிக்காரி. செம்பூரில் ஒரு பாலர் பள்ளியில் டீச்சர். தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் சரளமாக வரும் என்பதால் சபைப் பாஸ்டர் அவளை அனுப்பியிருந்தார்.

பிரசங்கம் கூடாது, பாட்டும் விளையாட்டும் மட்டும் என்றுதான் சிறையில் அனுமதி தந்திருந்தார்கள். ஜெயிலர் மேடம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்லீன் மூக்கைச் சுளித்துக் காட்டினாள். பூனைபோலக் கத்தினாள். காஜலின் கண்ணில் சிரிப்பு வந்துவிட்டது, உதடு பிரியவில்லை. விஜயராணி பிள்ளையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தாள்.

கூச்சப்படுகிறாள் என்று அன்னமேரி நினைத்தாள்.

மார்லீன் தன் கையில் மாட்டியிருந்த துணி யானைப் பொம்மையைக் கழற்றி அன்னமேரியின் கையில் மாட்டிவிட்டாள்.

பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது அன்னமேரிக்குத் தினசரி வேலை. யானையைக் காஜலின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். தும்பிக்கையை ஆட்டி, மூச்சிரைக்க, வீட்டில் பேசுகிற திருநெல்வேலித் தமிழில் அதைப் பேச வைத்தாள்.

“யாத்தாடி! தாதர்ல என்னைய ட்ரெயின்ல ஏறவே விடமாட்டேங்காவ. லேடீஸ் டப்பாவாம். ஏன், நானும் லேடீஸ்தானே?”

நாள் முழுக்க இந்தி கேட்கிற இடத்தில் ஒரு யானை அம்மாவின் பேச்சைப் பேசியதும் காஜல் தன்னை மறந்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய் முழுக்கத் திறந்து, முற்றமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு.

மார்லீன் கைதட்டினாள். குழுவே கைதட்டியது.

விஜயராணி பாய்ந்து பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

ஜெயிலர் மேடம் எழுந்து வந்துவிட்டார். விஜயராணியின் கையை விலக்கி, காஜலின் தாடையை நிமிர்த்திப் பார்த்தார். கீழ்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஒன்றின் இடத்தில் புதுப்பல் அகலமாக முளைத்துக்கொண்டிருந்தது.

“அஞ்சு வயசுன்னுதானே சொன்னே?” என்று இந்தியில் கேட்டார். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. டாக்டர் வந்து வயதைப் பார்ப்பார், ஆறு முடிந்திருந்தால் பிள்ளைகள் ஹோமுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் போனார்.

அன்னமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வயதுவரைதான் பிள்ளை தாயோடு சிறையில் இருக்கலாம்.

“சிரிக்காதட்டி, வாயத் தெறக்காதட்டின்னு சொல்லிச் சொல்லி வச்சிருந்தேன் யக்கா.” விஜயராணி அழவில்லை. அவசர அவசரமாகப் பேசினாள். புருஷன் செத்த கேஸில்தான் அவள் உள்ளே இருந்தாள். அவன் வீட்டார் பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அவளுடைய சொந்தங்களும் கதவைச் சாத்திவிட்டார்கள். “நீங்க தாராவிதான? பேச்சுலயே தெரியுது. ஹோமுக்கு விட்டுராதிய. நீங்களே இவள வச்சிக்கிடுங்க. ஒங்க பிள்ளைவ தின்ன மிச்சத்தப் போட்டாப் போதும்.”

அன்னமேரிக்குத் தன் ஒற்றை அறை கண்முன் வந்தது. புருஷன் முகம் வந்தது. கொலைக்கேஸ் பிள்ளை என்று சந்தில் பேசப்போகிற பேச்சும் காதில் கேட்டது. சட்டம் அப்படிச் சுலபமாக ஒரு பிள்ளையை யாரிடமும் தூக்கிக் கொடுத்துவிடாது என்றாவது அவள் சொல்லியிருக்கலாம்.

மார்லீன் அவள் தோளைத் தொட்டாள். என்ன கேட்கிறாள், எதுவானாலும் சொல், எங்களால் முடிந்ததைச் செய்வோம் என்றாள்.

அன்னமேரி விஜயராணியைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

“தனக்காகவும் பிள்ளைக்காகவும் ஜெபிக்கும்படி கேட்கிறாள்.”

மார்லீனின் கண்கள் நிறைந்தன. குழுவைச் சைகை காட்டி அழைத்தாள். தாயையும் பிள்ளையையும் நடுவில் விட்டு எல்லோரும் வட்டமாக நின்றார்கள். மார்லீன் தாழ்ந்த குரலில் தொடங்கினாள். அன்னமேரியும் தலையைக் குனிந்து கண்களை மூடிக்கொண்டாள்.

விஜயராணிக்கு ஆங்கிலம் தெரியாது. தான் கேட்டது அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குப் புரிந்தது.

ஜெபத்தின் நடுவே, பிஸ்கட் பிசுபிசுப்போடு ஒரு சின்னக் கை தன் கைக்குள் வைக்கப்படுவதை அன்னமேரி உணர்ந்தாள். அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பிடித்துக்கொள்ள வைத்தது இன்னொரு கை.

“பெரியம்மா வீட்ல ராத்திரி அம்மாவக் கேட்டு அழக்கூடாது, என்ன?”

அன்னமேரி கண்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.