வரிசையில் முதல் ஆள்

மறுபடியும் அந்த டெஸ்ஸாதான் முந்திக்கொண்டாள்.

ஐஸ் ஹாக்கித் திடலின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற மார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹாக்கி கோச் அடுத்த பயிற்சியைச் சொல்லி விசில் ஊத வேண்டியதுதான், மார்லீனின் மகள் கோராவை இடித்துக்கொண்டு டெஸ்ஸா முன்னால் போய்விடுவாள். கோரா வாயில்லாப் பூச்சி. ஒதுங்கி வழிவிடுவாள்.

சனிக்கிழமை டீம் செலக்‌ஷன். இப்படிப் பின்னாலேயே நின்றால் யார் கண்ணில் படுவாள்?

இடைவேளையில் கோச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு என் மகளத் தள்ளிட்டுப் போறா. நீங்க வேடிக்கை பார்க்கிறீங்க!"

"சின்னப் பசங்க மார்லீன், வரிசைன்னா அப்படித்தான்..."

"உங்க மகளா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

கோச் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"டெஸ்ஸா, நீ கடைசிக்குப் போ. கோரா, இனி நீதான் முதல் ஆள்."

டெஸ்ஸா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கோரா அவசரமாகத் தலையசைத்தாள். அதட்டினால்தான் வேலை நடக்கிறது என்று மார்லீன் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

ஐஸைக் கீறும் ஸ்கேட்டுகள், ஓரப் பலகையில் மோதும் ரப்பர் வட்டு, கூரை முழுக்க எதிரொலி. கோச் கடகடவென்று சொல்லி முடித்து விசில் ஊதினார்.

கோரா நகரவில்லை.

"போடி!" மார்லீன் கண்ணாடியைத் தட்டினாள்.

கோரா பாதி தூரம் போனாள். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நடு ஐஸில் நின்றுவிட்டாள்.

"தூங்குறியா கோரா?" என்று ஒருத்தி கத்த, வரிசையே சிரித்தது.

பயிற்சி முடிந்ததும் முதலில் வெளியே வந்தவள் டெஸ்ஸா. ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, அவள முதல்ல நிறுத்தாதீங்க, ப்ளீஸ். இந்த இரைச்சல்ல கோச் பேசுறது அவளுக்குக் கேக்கும். ஆனா என்னன்னு புரியறதுக்குள்ள விசில் அடிச்சிருவாரு. நான் முன்னாடி போய்க் காட்டினா அதைப் பார்த்துச் செய்வா. என்னைவிட நல்லாவே செய்வா."

மார்லீனின் முகம் சுண்டிப்போனது. காது டாக்டர் போன மாதமே இதைத்தான் சொன்னார். கோச்சிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

"நீ... நீ கோச்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் ஆன்ட்டி. வெளிய தெரிஞ்சா அம்மாவுக்கு அவமானமாயிடும்னு கோரா அழுதா."