ஆழிவேந்தன் எழுதியது

கோப்பைத் திறந்தவுடனே அவனுக்கு எரிந்தது.

வெறும் நோட்பேட். தலைப்புக்குத் தடிமன் இல்லை. பக்க எண் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் கோப்புகளுக்கே பெயர்.

எழுதியவள் செண்பகம். அவன் மனைவி.

கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிற வேலை அவளுக்கு. வந்து போகிறவர்களைப் பற்றிச் சின்னச் சின்னதாக அடித்து வைத்திருந்தாள். யாரோ படித்து, யாரிடமோ சொல்லி, ஒரு பதிப்பகத்துக்காரர் போனே செய்துவிட்டார். மின்னூலாகப் போடுகிறாராம். சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டுமாம்.

மின்னூலாக மாற்றத் தெரிந்தவன் வீட்டில் அவன்தான்.

வீட்டில் என்ன, இலக்கிய வாட்ஸப் குழுவிலேயே அவன்தான். எந்த எழுத்துரு, எவ்வளவு ஓரம், அத்தியாயத் தலைப்புக்கு மேலே எவ்வளவு வெற்றிடம் என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ஆழிவேந்தனைத்தான் கேட்பார்கள்.

ஆழிவேந்தன் அவன் எழுதும் பெயர்.

எழுதப்போகும் பெயர்.

அவனுடைய நாவலுக்கு எல்லாம் தயார். 'யுகப்பெருமழை' என்ற தலைப்பு. உரிமைப் பக்கம். 'இனி பிறக்கப்போகும் வாசகனுக்கு' என்று சமர்ப்பணம். கன்னத்தில் கைவைத்த புகைப்படம். எல்லாம் ஒரு டெம்ப்ளேட்டில் அடுக்கி வைத்திருந்தான்.

முதல் அத்தியாயத்தில் மழை பிடித்திருந்தது.

ஆறு வருடமாக விடவில்லை.

அவளுடைய கோப்புகளை வரிசையாக ஒட்டினான். தலைப்பு எது என்று கணினிக்குத் தெரிய, ஒவ்வொரு தலைப்புக்கு முன்னாலும் ஹேஷ் குறி போட்டான். குறி போட வேண்டுமானால் படித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

'கண்ணாடி போடுவதற்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்கிறார்கள்.'

அதில் வெட்டுவதற்கு ஒரு சொல் தேடினான்.

இல்லை.

மறுபடி தேடினான்.

குக்கர் விசிலுக்கும் துணி காயப்போடுவதற்கும் நடுவில் அடித்தவளுக்கு இது எங்கிருந்து வந்தது. அவன் எழுத உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு டிவி கூட வாயை மூட வேண்டும்.

மின்னூலாக மாற்றச் சொல்லிப் பட்டனை அமுக்கினான்.

திரையில் புத்தகம் வந்தது.

யுகப்பெருமழை.

அதன் கீழே, அவனே பார்த்துப் பார்த்து இடைவெளி விட்ட எழுத்தில், ஆழிவேந்தன்.

டெம்ப்ளேட்டில் பெயரை மாற்ற மறந்திருந்தான். சத்தியமாக மறதிதான்.

திருத்த இரண்டே வரி.

திருத்தவில்லை. புரட்டினான். சமர்ப்பணம், புகைப்படம், பொருளடக்கம். அப்புறம் பக்கங்கள். புரட்டப் புரட்டப் பக்கங்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இவ்வளவு இருந்து அவன் பார்த்ததில்லை.

திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தான்.

"ஏங்க, முடிச்சிட்டீங்களா?"

பின்னால் செண்பகம். ஈரக் கையோடு. அவள் கண் தலைப்பில் நின்றது, பெயரில் நின்றது, கீழே பக்க எண்ணிக்கைக்குப் போனது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா."

"இல்ல, இது..."

"எனக்குத் தெரியும், என்னைக்காவது அந்த மழை விட்டுரும்னு."

அவன் வாயைத் திறந்தான்.

"என்னோடது நாளைக்குப் போகட்டும். அவர்கிட்ட நான் பேசிக்கறேன். மொதல்ல இத அனுப்புங்க."

அவள் முகத்தில் கொஞ்சமாவது பொறாமை இருக்கிறதா என்று தேடினான்.

அதிலும் இல்லை.

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் நெய்யில் ரவை வறுபடும் வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாருக்கும் பிறந்தநாள் இல்லாத வீட்டில், கேசரி.

அவன் உட்கார்ந்திருந்தான்.

பிறகு தலைப்பை அழித்து அவளுடையதைப் போட்டான். புகைப்படத்தை எடுத்தான். பிறக்கப்போகும் வாசகனை எடுத்தான். பெயரை மட்டும் மொத்தமாக அழிக்க மனசு வரவில்லை. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தான்.

செண்பகம் என்று அடித்தான். இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். மாற்றினான். பதிப்பகத்துக்கு அனுப்பினான்.

அதற்கு மேல் அவனால் நல்லவனாக இருக்க முடியவில்லை.

கிண்ணம் வந்தது. இருந்த முந்திரியெல்லாம் அதில்தான் கிடந்தது.

"இனிப்பு போதுமா?"

"ம்."

"சூடா இருக்கு, எழுத்தாளர் மெதுவா சாப்பிடணும்." சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

மேஜை மேல் அவள் போன் அதிர்ந்தது. பதிப்பகத்துக்காரர்.

அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.

"செண்பகம்," என்று கூப்பிட்டான், "இன்னும் கொஞ்சம் இருக்கா?"